இரும்பு குடித்த நீர்

நாளிதழைப் புரட்டினால் வாரத்துக்கு ஒரு முறையாவது கண்ணில் படுகிற தொடர், "இரும்புக்கரம் கொண்டு ஒடுக்குவோம்" என்பது. கள்ளச்சாராயம், கந்துவட்டி, ரவுடித்தனம் என்று ஒடுக்கப்பட வேண்டியவை மாறிக்கொண்டே இருக்கும். கரம் மட்டும் எப்போதும் இரும்பாகவே இருக்கும். சர்தார் வல்லபபாய் படேல் நமக்கு இரும்பு மனிதர். 1976-இல் சோவியத் ராணுவ நாளேடு ஒன்று ஏளனமாகச் சூட்டிய பட்டத்தை மார்கரெட் தாட்சர் பெருமையாக ஏற்றுக்கொண்ட பிறகு, உறுதியாக நின்ற பெண் தலைவர்கள் பலரும் இரும்புப் பெண்மணிகள் ஆனார்கள். இந்த வழக்குகளில் எல்லாம் இரும்பு என்றால் வளையாமை, இரங்காமை, அசையாமை. இவை பெரும்பாலும் பத்திரிகைத் தமிழின் வழியாக வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. வீட்டிலும் பட்டறையிலும் பழம்பாட்டிலும் தமிழர் பழகிய இரும்பு வேறு வகையானது. அது காய்கிறது, நீர் குடிக்கிறது, துருவுக்கு இரையாகிறது, பழக்கினால் பழகுகிறது. இந்த இரண்டாவது இரும்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கடினத்தைச் சொல்வதற்குத் தமிழ் முதலில் நாடுவது கல்லை. இரக்கமற்றவர் கல்நெஞ்சர், வாய் திறக்காமல் சாதிப்பவன் கல்லுளிமங்கன், உருக்கமான பாட்டுக்குக் கல்லும் கரையும். இரும்பால் செய்த பொருள்களுக்கே நாம் கல் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. தோசை வார்ப்பது தோசைக்கல். கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புப் பாளம் அடைகல். காய்கறிக் கடைத் தராசில் ஏறும் வார்ப்பிரும்புத் துண்டு எடைக்கல். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு குழியும், குழிக்குள் ஈயமும், ஈயத்தின் மேல் முத்திரை ஆய்வாளர் குத்திய அடையாளமும் இருக்கும். இவை ஒரு காலத்தில் கல்லாலேயே இருந்ததால் பெயர் தங்கிவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். அப்படியே இருந்தாலும், பொருள் மாறிய பின்னும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை அல்லவா?

இரும்பு என்ற சொல் கடினத்தைக் குறித்துப் பிறந்ததாகவும் தோன்றவில்லை. பழந்தமிழில் 'இரும்' என்பதற்குக் கருமை என்றும் பெருமை என்றும் பொருள் உண்டு. இரும்பிடி என்றால் கரிய பெண்யானை. இரும்பு அந்தக் கருமையிலிருந்து வந்த பெயர் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலருடைய கருத்து. பொன் என்பது உலோகத்துக்கே பொதுப்பெயராக நின்ற நாளில் இரும்பைக் கரும்பொன் என்றார்கள். ஆக, பெயர் வைத்தவர்கள் முதலில் பார்த்தது அதன் நிறத்தை. இன்னொரு செய்தியும் உண்டு. இரும்பு வேறொரு சொல்லோடு சேரும்போது நடுவிலுள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தாகி 'இருப்பு' என்று திரிவது பழைய மரபு. மருந்து மருத்துப்பை என்று ஆவதைப் போன்றதுதான். இருப்புலக்கை, இருப்புப்பாதை என்றெல்லாம் வருவது அதனால்தான். பெரிய ரயில் நிலையங்களில் 'இருப்புப்பாதை காவல் நிலையம்' என்ற பலகையைப் பார்த்து, கையிருப்புக்கும் இதற்கும் என்ன உறவு என்று குழம்பும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உறவு இல்லை. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை அடுத்த வாலாஜா ரோடு நிலையத்துக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பின்பு தேவைப்பட்ட ஒரு புதுச்சொல்லை, பழைய புணர்ச்சி விதி தயங்காமல் தன்னுடையதாக்கிக்கொண்டது.

இரும்பைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றில் என் மனத்தில் முதலில் நிற்பது புறநானூற்றின் 21-ஆம் பாட்டு. உக்கிரப் பெருவழுதி என்னும் பாண்டியன் கானப்பேரெயிலைக் கைப்பற்றியதை ஐயூர் மூலங்கிழார் பாடுகிறார். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோயில். ஆழ்ந்த அகழியும் வானளாவிய மதிலும் கதிரவன் ஒளி நுழையாத காவற்காடும் கொண்ட அந்தக் கோட்டையை இழந்த வேங்கைமார்பன், "கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புண் நீரினும் மீட்டற்கு அரிது" என்று வருந்துகிறான். செந்தீயில் காய்ந்த இரும்பு உண்ட நீரைத் திரும்பப் பெற முடியுமா? கோட்டையை மீட்பது அதைவிட அரிது. இழப்பைச் சொல்ல வந்த புலவருக்கு இரும்பின் வன்மை தேவைப்படவில்லை. அதன் தாகம் தேவைப்பட்டது. நீர் ஆவியாய்ப் போவது அந்தக் காலத்துக் கொல்லனுக்குத் தெரியாததன்று. ஆனாலும் உலைக்களத்தில் நிற்பவர் காதுக்கு, அது குடிக்கும் ஓசையாகவே கேட்கும்.

அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். சிவக்கக் காய்ந்த அரிவாளைக் குறட்டால் பிடித்து, அதன் வாய்ப்பகுதியை மட்டும் தொட்டி நீரில் இறக்குவார் கொல்லர். சுர்ரென்ற ஓசை அடங்குவதற்குள் வெளியே எடுத்து, விளிம்பைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, வெள்ளையாகத் தெரியும் இரும்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் ஊர்ந்து வரும். அதற்கேற்ப விளிம்பில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். வேண்டிய நிறம் வந்த கணத்தில் அரிவாள் முழுவதும் நீருக்குள் போய்விட வேண்டும். முந்தினால் வாய் சில்லுச் சில்லாக உதிரும், பிந்தினால் மடங்கும். வெப்பமானி இல்லாமல், கண்ணை மட்டும் நம்பி நடக்கிற இந்த வேலையில், ஒரே இரும்பு நீரும் நெருப்பும் பட்ட அளவுக்கேற்ப உடைவதாகவும் வளைவதாகவும் வெட்டுவதாகவும் ஆகிறது. இப்படி ஒன்றைத் தினமும் கையாண்டவர்கள் அதை அசையாமைக்கு அடையாளமாக நினைத்திருந்தால்தான் வியப்பு.

பழமொழிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. "இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை" என்பதில் இரும்பு என்பது சூடும் பரபரப்பும் நிறைந்த ஓர் இடம். "இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது" என்பதில் அது நமைச்சல். கையில் கத்தியோ சுத்தியலோ கிடைத்தவுடன் எதையாவது சீவவும் தட்டவும் தொடங்கிவிடுகிற பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது. இதற்கு மாறாக இரும்பை நேராக வன்மனத்துக்கு ஒப்பிட்ட இடம் ஒன்று திருவாசகத்தில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் திருவேசறவு என்னும் பகுதியில் மாணிக்கவாசகர் தம்மை "இரும்புதரு மனத்தேனை" என்கிறார். ஆனால் அடுத்த சொற்களே "ஈர்த்துஈர்த்து என் என்புருக்கி" என்று வருகின்றன. காந்தம் இழுக்க இரும்பு போவதைப் போல மனம் போயிற்று, உருகியும் விட்டது. அங்கேயும் இரும்பு தன் பிடிவாதத்தை ஓர் அடிக்கு மேல் தாங்கவில்லை.

இரும்போடு இந்த நெருக்கம் எவ்வளவு பழையது என்பது அண்மைக் காலத்தில் பெரும் பேச்சாகிவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளில் ஒன்று கி.மு. 3345 வரை காலம் காட்டியதாகத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பு 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை கி.மு. 2172 என்ற கணக்கோடு வந்தது. உலகிலேயே மூத்தது என்ற முழக்கத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. ஈமத்தாழிக்குள் வாளையும் கத்தியையும் வைத்துப் புதைத்தவர்களைவிட, ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மூசையும் (உலோகம் உருக்கும் மண்கலம்) உலையும் கிட்டமுமாகத் தடம் விட்டுப்போன வேலையாட்கள்தான் என்னை ஈர்க்கிறார்கள். கிட்டம் என்பது உலையில் இரும்பு பிரிந்த பிறகு மிஞ்சும் கரிய கசடு. பழைய உலைகள் இருந்த மேடுகளில் அது இன்றும் காலில் இடறும்.

சமையலறைக்கு வருவோம், இரும்பின் குணம் இன்றும் நாள்தோறும் சோதிக்கப்படுவது அங்கேதான். புதிதாக வாங்கிய தோசைக்கல்லில் உடனே தோசை வார்த்துவிட முடியாது. "கல்லைப் பழக்க வேண்டும்". மாட்டைப் பழக்குவதற்கும் பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்குவதற்கும் உள்ள அதே வினைச்சொல். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பிய எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியிலோ அரிசி களைந்த நீரிலோ ஊற வைத்து, அடுப்பில் ஈரம் போகக் காய வைத்து, நல்லெண்ணெய் தடவி, பாதியாக அரிந்த வெங்காயத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இதைச் சில நாள் செய்த பிறகும் முதல் தோசைகள் பிய்ந்துதான் வரும். நடப்பது இதுதான்: மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சூட்டில் இறுகி, இரும்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை மூடும் வழவழப்பான படலமாகிறது. அதனால்தான் சப்பாத்திக்கு ஒரு கல், தோசைக்கு ஒரு கல் என்று வீடுகளில் பிரித்து வைக்கிறார்கள். எண்ணெயில்லாமல் வெறுஞ்சூட்டில் நெடுநேரம் காய்ந்தால் அந்தப் படலம் கருகிப்போய், அடுத்த தோசை எழும்பாது. பழகிய கல்லைச் சோப்புப் போட்டு நாரால் பரபரவென்று தேய்த்தவரிடம் என் மாமியார் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரும்புச் சட்டி பல வீடுகளில் இலுப்பச்சட்டி. இலுப்பை மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருப்புச்சட்டிதான் பேச்சில் அப்படித் தேய்ந்தது. அதில் நெல்லிக்காயை வேகவைத்தால் கறுக்கும். தலைக்குத் தடவும் மருதாணியை அதில் கரைத்து இரவு முழுக்க வைப்பதும் கறுப்பதற்காகவே. துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கரிய நிறம் பிறக்கும். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு குழம்புக்குள் இறங்குகிறது. வத்தக்குழம்புக்கு அது நல்லது, ஆனால் கொதித்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

துணி தேய்க்கும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் உலோகத்தின் பெயரையே அதற்கும் வைத்தது. நாமும் 'அயன் பண்ணியாச்சா' என்று கேட்கிறோம். ஆனால் நம்முடைய மற்றப் பெயர்கள் இரும்பைக் கண்டுகொள்ளவே இல்லை. சிலர் பெட்டி போடுகிறார்கள், சிலர் தேய்க்கிறார்கள், இஸ்திரி என்பது போர்த்துக்கீசியத்தில் இழுத்து விரிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இலங்கையில் அது மின்னழுத்தி. சிரட்டைக்கரி கனலும் அந்தக் கனத்த பெட்டியில் இரும்பு வெறும் பாரம்தான்.

இனி உடம்புக்குள் இருக்கும் இரும்பு. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் இருப்பது 3 முதல் 4 கிராம்; ஓர் ஆணி செய்யும் அளவு. அந்தக் கொஞ்சமும் போதாமல், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இரும்புச்சத்துக் குறைவு முதன்மையானது. சித்த மருத்துவம் இதற்கு இரும்பைப் புடமிட்டுச் செய்த அயச்செந்தூரம் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் மாத்திரை கொடுக்கிறது. மாத்திரையை விழுங்கிய கையோடு காப்பி குடித்தால் பெரும்பகுதி வீண் என்பதை அங்குள்ள செவிலியர்கள் சலிக்காமல் சொல்கிறார்கள். நாம் சலிக்காமல் குடிக்கிறோம்.

வீட்டில் யாராவது வெளிறிப் போனால் உடனே வாங்கி வருவது பேரீச்சம்பழம். தமிழ்நாட்டில் இரும்புக்கும் பேரீச்சம்பழத்துக்கும் உள்ள உறவு மருத்துவத்தைவிட வணிகத்தில்தான் உறுதியாக வேரூன்றியது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருத்தெருவாகக் கூவிய தள்ளுவண்டிக்காரர்கள் இன்று அரிதாகிவிட்டாலும், ஓடாத ஸ்கூட்டரைப் பார்த்து "பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று சொல்லாத ஊர் இல்லை. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். பெண்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் பழத்தைவிடப் பல மடங்கு உண்டு. ஒரு கிலோ துருப்பிடித்த இரும்புக்கு ஒரு கிலோ பழமே கிடைத்திருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும் இரும்பு 10 மில்லிகிராம்தான். வண்டிக்காரர் ஒருபோதும் கிலோவுக்குக் கிலோ கொடுத்ததில்லை.