எழுபது வளைவும் ஓர் ஆக்ஸிலேட்டர் கேபிளும்

நேற்று இரவு பத்து மணிக்குத்தான் கொல்லிமலையிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். முதுகு வலிக்கவில்லை. இதை ஒரு தனி வரியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் போன வருடம் இதே வண்டியில் ஏலகிரி போய் வந்த மறுநாள் ஆபீசில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். ஆனால் கோபமும் இருக்கிறது. அது ஆறாமல் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வண்டி 250 சிசி பைக், ஒற்றை சிலிண்டர், முழு ஃபேரிங் (முன்பக்கத்தையும் இன்ஜினையும் மூடும் கவசம்), செகண்ட் ஹேண்ட். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனி ரசிகர்களும் சண்டைக்கு வருவார்கள். ஸ்போர்ட் டூரிங், அதாவது வேகத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஸ்போர்ட் சரி. டூரிங் பங்கை நாம்தான் கைக்காசு போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தினமும் மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு ஓட்டுகிறேன். பள்ளிக்கரணை சிக்னலில் முழு உடம்பும் மணிக்கட்டில் வந்து உட்காரும். கீழே இன்ஜின் ஃபேன் சூட்டை முழங்காலில் ஊதும். இப்படி ஆறு மாதம் பொறுத்துவிட்டுத்தான் 'வசதி' செய்யக் கிளம்பினேன்.

முதலில் சீட். மெமரி ஃபோம், மேகத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். 2,800 ரூபாய். உட்கார்ந்தவுடன் மேகம்தான். அறுபது கிலோமீட்டர் தாண்டியதும் மேகம் கலைந்து, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு எட்டிப் பார்த்தது. மெத்தென்ற ஃபோம் எடைக்கு அமுங்கித் தட்டையாகிவிடும், அப்புறம் எலும்பும் தட்டும்தான் பேசிக்கொள்ளும். இது புரிய எனக்கு 2,800 ரூபாய் ஆனது.

புதுப்பேட்டைப் பக்கம் சீட் தைக்கும் ஒரு பெரியவர் அதைக் கையால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். "மெத்தை வேற, சீட் வேற தம்பி. தூங்கப் போறியா, ஓட்டப் போறியா?" என்றார். என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, தொடை எங்கே படுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். கெட்டி ஃபோமை வெட்டி வைத்து, டேங்க் பக்கம் சரிந்து இறங்கும் இடத்தை மட்டமாக்கினார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு டேங்கில் போய் மோதுவதற்கு அந்தச் சரிவுதான் காரணம். முன்பக்கத்தின் இரு ஓரங்களையும் கொஞ்சம் செதுக்கினார், கால் தரையில் முழுதாக ஊன்றியது. மேலே காற்றுப் போகும் நெட் துணி. 1,100 ரூபாய். அவர் கேட்ட தொகையில் பேரம் பேசாத ஒரே இடம் இதுதான்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த மாதிரி வண்டிகளில் ஹேண்டில் பார் ஒரே குழாயாக இருக்காது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கவ்வியிருக்கும். கிளிப்-ஆன் என்பார்கள். அதை 30 மில்லிமீட்டர் தூக்கினால் முதுகு நிமிரும், மணிக்கட்டில் விழும் எடை குறையும். நகரத்தில் பெரிய பெயர் வாங்கிய ஒரு கடை, ஏசி, கண்ணாடிக் கதவு, காபி எல்லாம் கொடுப்பார்கள். அப்படித் தூக்கும் ரைசருக்கு 3,900 என்றார்கள். பில்லில் 4,500 இருந்தது. கேட்டால் "லேபர் தனி சார்". அதுகூடப் பரவாயில்லை. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பது எந்த மெக்கானிக்கும் செய்யும் முதல் வேலை. அதை அவர்கள் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, அது என் தப்பு.

கையோடு உயரமான விண்ட்ஷீல்டும் தலையில் கட்டினார்கள், 2,200. அதன் கதை உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. பழைய சின்ன கண்ணாடியில் காற்று நெஞ்சில் வந்து சீராக மோதும், தலைக்குச் சுத்தமான காற்று கிடைக்கும். புதியதில் நெஞ்சுக்குக் காற்றே இல்லை, ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பில் கலைந்து சுழலும் காற்று சரியாக என் ஹெல்மெட்டில் வந்து குத்தியது. 90-ல் போனால் தலைக்குள் தவில் வாசிப்பு. என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், இன்னும் மூன்று அங்குலம் குள்ளமாகவோ வளர்ந்தோ இருந்தால் தப்பித்திருப்பேன் போலிருக்கிறது. 1976-ல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வந்தபோது அதன் ஃபேரிங்கை காற்றைச் செலுத்திச் சோதிக்கும் விண்ட் டனலில் வைத்துத்தான் வடித்தெடுத்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே அவ்வளவு மெனக்கெட்ட விஷயத்தை, கவுண்ட்டரில் 'பெருசு வேணுமா, மீடியம் வேணுமா' என்று கேட்டு விற்கிறார்கள். டீக்கடையில் நிறுத்தி நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, பழையதை மாட்டிக்கொண்டேன். நல்லவேளை, பையில் எடுத்து வந்திருந்தேன். இரண்டு நாளும் அந்த 2,200 ரூபாய் கண்ணாடி துண்டில் சுற்றிய குழந்தை மாதிரி பின்சீட்டில் பயணம் செய்தது.

வழி சொல்கிறேன் என்று நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்: சென்னை, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், அங்கிருந்து சேலம் போகாமல் மல்லியக்கரை, ராசிபுரம், பிறகு காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டோலில் பைக்குக்குக் காசில்லை, இந்த நாட்டில் பைக்காரனுக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை. ரோடு நன்றாக இருந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஆத்தூர் பெட்ரோல் பங்கில் ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்து வண்டியைத் தள்ளும்போது இன்ஜின் தானாக 'உர்ர்' என்று ஏறியது. ஐடில், அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், கொஞ்சம் கூடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். காரவள்ளியில் ஏற்றம் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். ஆறாவதோ ஏழாவதோ, இடப்பக்க வளைவு, உள் ஓரமாக நெருக்கித் திரும்ப வேண்டும். மேலேயிருந்து பஸ் ஒன்று முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்குகிறது. முதல் கியரில் நடக்கிற வேகத்துக்குக் குறைத்து ஹேண்டிலை நன்றாக ஒடித்தேன். ஆக்ஸிலேட்டரில் கையே வைக்கவில்லை. வண்டி தானாகப் பாய்ந்தது. எப்படிக் கிளட்சைப் பிடித்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸின் பின் டயருக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் சொன்னது நியாயம்தான்.

ஊர்ந்து கீழே இறங்கி காளப்பநாயக்கன்பட்டி வந்தேன். வேப்பமரம், தகரக் கூரை, ஸ்கூட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக். நான் சொல்லி முடிப்பதற்குள் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார், இன்ஜின் ஏறியது. வலது பக்கம் திருப்பினார், அடங்கியது. "ஏனுங் தம்பி, இதை யாருங் மாட்டுனது?"

"சென்னைலங்க. பெரிய கடை."

"பெரிய கடைங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தொனி இன்னும் காதில் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஹேண்டிலை உயர்த்தினால் அதற்குப் போகும் கேபிளுக்கும் பிரேக் ஹோஸுக்கும் அந்த அளவு தளர்வு வேண்டும். ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருப்பதால், இடப்பக்கம் முழுதாக ஒடிக்கும்போது அந்தக் கை தள்ளிப் போய் கேபிள் இழுபடுகிறது. யாரும் முறுக்காமலே த்ராட்டில் திறந்துகொள்கிறது. அவர் ஃபேரிங்கின் ஒரு பக்கத்தைக் கழற்றி, கேபிளை ஃபோர்க்கைச் சுற்றி வராமல் நேராக உள்பக்கமாகக் கொண்டு வந்தார். அட்ஜஸ்டரில் கொஞ்சம் தளர்வு விட்டார். பிரேக் ஹோஸையும் இழுத்துப் பார்த்து, "இது பரவால்லைங்" என்றார். கூடவே, நான் கேட்காமலே, பிரேக், கிளட்ச் லீவரின் சாய்வைக் கொஞ்சம் கீழே திருப்பி, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்படி வைத்தார். பையின் எடைக்குப் பின்னால் அமுங்கியிருந்த சஸ்பென்ஷனை, சீட்டுக்கு அடியில் இருந்த டூல் கிட் ஸ்பானராலேயே இரண்டு படி ஏற்றினார். எதிரே வருகிறவன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்த ஹெட்லைட்டும் தானாக இறங்கிவிட்டது. முக்கால் மணி நேரம். 150 ரூபாய் கேட்டார். 300 கொடுத்தேன், 100-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு 70 வளைவும் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தமிழ் போதாது. இடுப்பை நகர்த்த இடம் கொடுக்கும் மட்டமான சீட், நிமிர்ந்த முதுகு, சொன்ன பேச்சு கேட்கும் த்ராட்டில். இறங்கும்போது இன்னும் பிரமாதம். பழைய ஹேண்டிலில் இறக்கம் என்றால் எடை முழுக்க உள்ளங்கையில்தான். இப்போது தொடையால் டேங்கைக் கவ்வி, இரண்டாவது கியரில் இன்ஜினையே பிரேக்காக விட்டு, ஒரு விரலால் லீவரைத் தொட்டுக்கொண்டு வந்தேன். ரைசரைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டியவனைத்தான்.

ஒரு குறுக்குப் பேச்சு. ஆர்சியில் இருக்கும் விவரம் மாறும் அளவுக்கு வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. சீட் ஃபோமுக்காக யாரும் நிறுத்துவதில்லை. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிறவர்கள் மாட்டட்டும், எனக்கு வருத்தமில்லை. இன்னொன்று, போன் ஹோல்டர். பைக் இன்ஜின் அதிர்வில் போன் கேமரா கெட்டுப்போகலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. நான் போனைச் சட்டைப் பையில் வைத்து, வழியை வாயால் கேட்டுத்தான் போனேன்.

மலை மேலே செம்மேட்டில் ரூம் 1,200. சுடுதண்ணீர் உண்டு என்றார்கள், வெதுவெதுப்பு என்று திருத்திக்கொள்ளவும். வல்வில் ஓரி சிலை அங்கேதான் இருக்கிறது. அவனுக்கும் அவன் குதிரைக்கும் ஒரே பெயர் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. வண்டியோடு அவ்வளவு ஒட்டுதல். சேணம் யார் தைத்தார்களோ.

மறுநாள் ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேலே படி. இறங்கும்போது தெரியாது, ஏறும்போது ஒவ்வொன்றும் கணக்குக் கேட்கும். ஸ்போர்ட் வண்டியில் கால் வைக்கும் கட்டை பின்னால் உயரமாக இருக்கும், மூட்டு மடிந்தே கிடக்கும். வசதி செய்ததில் நான் தொடாத ஒரே இடம் அது, அதன் பலனைப் படியில் அனுபவித்தேன். மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். கிழங்கு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். மிளகு தூக்கல், தொண்டையில் நெருப்பு, மூக்கில் தண்ணீர். மூட்டு சரியானதா தெரியாது, மூன்று டம்ளர் குடித்தேன். இந்தப் பயணத்தில் செலவழித்த காசில் மெக்கானிக்குக்கு அடுத்து உருப்படியானது இந்தச் சூப்.

இன்று காலை அந்தப் பெரிய கடைக்குப் போன் செய்தேன். "கேபிள் புதுசுல அப்படித்தான் சார், பழகிடும்" என்றார்கள். கேபிள் பழசு. விண்ட்ஷீல்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், ஸ்க்ரூ போட்ட தடம் இருக்கிறதாம்.

சோளக்காட்டுச் சந்தையில் நான்கு அன்னாசி வாங்கிப் பின்சீட்டில் கட்டியிருந்தேன். ஒன்று வழியில் நசுங்கியிருக்கிறது. காலையில் ஆபீஸ் கிளம்பக் கீழே வந்தால், பெரியவர் தைத்த நெட் துணியின் தையல் வழியாக எறும்பு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. மறுபடி புதுப்பேட்டை.