2 நிமிடம் 14 விநாடி

ஜூலை 8, செவ்வாய்

பச்சை என்று நான்தான் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பைக்கில் வரும்போது நின்றிருந்த லாரியில் மோதிவிட்டார். ஐ.சி.யூ.வுக்குள் ஒரு வேளைக்கு ஒருவர்தான், அதுவும் கால் மணி நேரம். காலையில் அத்தை, சாயங்காலம் நான். ஜி.சி.எஸ்., அதாவது நினைவு எவ்வளவு இருக்கிறது என்று போடும் மதிப்பெண், 9 என்றார்கள். முழு நினைவோடு இருந்தால் 15. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 போடுவார்களாம். அப்படியானால் இந்த 9 வெறும் 6தானே என்று இரவெல்லாம் கழித்துக் கழித்துப் பார்த்தேன்.

பணம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. 2021-ல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துச் செலவை அரசே ஏற்கிறது. நாளை சாயங்காலத்தோடு அந்த 48 முடிகிறது. அவர் தம்பி பீரோவில் இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அவருடைய சாமான்களைப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பர்ஸ், ஐடி கார்டு, ஒற்றை ஷூ, ஹெல்மெட். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே வலது காது பக்கம் ஸ்பாஞ்ச் மட்டும் நீளவாக்கில் அமுங்கி, ஓரம் கறுத்திருக்கிறது. சரியாக அவர் போன் அளவு. தினமும் அங்கேதான் சொருகிக்கொள்வார். போன் உள்ளே இருந்தால் பட்டை போடமாட்டார், தாடை இறுகுகிறது என்பார். பட்டையின் கொக்கி கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

அதை யாரும் பார்க்காமல் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரிடம் கேட்டே விட்டேன். நின்றிருந்தது தண்ணி லாரி. இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்ததாம். அவ்வளவு பெரிய வண்டி எப்படித் தெரியாமல் போகும்? சின்ன வயது டாக்டர், இரண்டு ராத்திரி தூங்காத கண். நின்று பதில் சொன்னார்.

“கண்ணு பாத்திருக்கும்மா. மூளை பாத்திருக்காது. ஃபோன்ல எதிராளி சொல்றத யோசிச்சுட்டு இருக்கும்போது முன்னாடி இருக்கறது கண்ணுல பட்டும் பதியாது.”

தம்பி பக்கத்தில் இருந்தான். “ப்ளூடூத் வாங்கிக் கொடுத்திருந்தா கையாவது ஃப்ரீயா இருந்திருக்கும்ல டாக்டர்?” என்றான்.

“அவரு கை ரெண்டும் ஹேண்டில்பார்லதான் இருந்திருக்கும். பிரச்சனை கையில இல்ல.”

சாயங்காலம் உள்ளே போனபோது அவர் இடது கையைத் தொட்டேன். ஆக்சிலேட்டர் பக்கத்துக் கையில் கட்டு.

அந்த 2 நிமிடம் 14 விநாடி என்ன பேசினோம்? பாப்பாவுக்கு நாளைக்கு ப்ராஜெக்ட். சார்ட் வாங்கணும். “மஞ்சளா, பச்சையா?” என்று கேட்டார். மஞ்சள் வீட்டில் இருக்கிறதா என்று பாப்பாவைத் தேடச் சொன்னேன். அவள் மெத்தைக்கு அடியில் தேடினாள். “லைன்ல இருங்க, லைன்ல இருங்க” என்றேன். காற்று இரைச்சல் எனக்குக் கேட்டது. வண்டியில் இருக்கிறார் என்று தெரியும். தெரிந்துதான் லைனில் இருக்கச் சொன்னேன்.

ஜூலை 11, வெள்ளி

அத்தை என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

ஜூலை 13, ஞாயிறு

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். இந்தத் தாழ்வாரத்தில் இரண்டடி டைல்ஸ். லிஃப்டிலிருந்து ஐ.சி.யூ. கதவு வரை 41. மூன்று தடவை எண்ணினேன், ஒரு தடவை 40 வந்தது. 41 டைல்ஸ் 25 மீட்டர். இரண்டு விநாடிகூட இந்தத் தாழ்வாரத்துக்குள் அடங்காது. கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டிலிருந்து நடந்து பார்த்தேன். பதினோராவது டைல்ஸில் பயந்து திறந்துவிட்டேன்.

134 விநாடிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.9 கிலோமீட்டர். நடுவில் சிக்னலில் நின்றிருக்கலாம். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்த இடத்தில் மெதுவாகப் போயிருக்கலாம். ஒரு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு கிலோமீட்டரும் அவர் ஓ.எம்.ஆர். ரோட்டில் இல்லை. எங்கள் மேடவாக்கம் வீட்டு ஹாலில், மெத்தைக்கு அடியில் மஞ்சள் சார்ட் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, திங்கள்

2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்து. எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 175-க்கு மேல்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு வாரம். ஏட்டு வந்தார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டுக் காப்பியைப் பார்த்துப் பார்த்து எழுதினார். “வண்டி ஓட்டும்போது ஃபோன் பேசினாராம்மா?”

அத்தை என் முகத்தைப் பார்க்கிறார். தம்பி என் முழங்கையைத் தொடுகிறான்.

“பேசினாருங்க. என்கிட்டதான் பேசினார்.”

ஏட்டு பேனாவை நிறுத்தினார். “2019 திருத்தத்துக்கு அப்புறம் ஃபோனைக் கையில வச்சுட்டு ஓட்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 184-ல வரும்மா. அபாயகரமா ஓட்டினதா அவரு மேலயே வரும். யோசிச்சுச் சொல்லு.” எழுதிக்கோங்க என்றேன். தம்பி வெளியே போய்விட்டான். இரவு வரைக்கும் என்னோடு பேசவில்லை.

முதலில் தூக்கியவர் யார் என்று ஏட்டிடம் கேட்டேன். பேர் சொல்லவில்லையாம். காப்பாற்றியவரைப் பேர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அதற்கும் சட்டம் இருக்கிறதாம். நல்ல சட்டம்தான். ஆனால் எனக்கு அவர் வேண்டும். அன்றைக்கு லைன் அறுந்ததும் நான் பதினோரு தடவை அடித்தேன். பன்னிரண்டாவதுக்கு எடுத்தவர் அவர். “அக்கா, பயப்படாதீங்க, மூச்சு இருக்கு. தலைய ஆட விடாம புடிச்சிருக்கேன். 108 வந்துட்டே இருக்கு. ஹெல்மெட் தனியா ரோட்டுல கெடந்துச்சு, அதுக்குள்ள ஃபோன் அடிச்சுட்டே இருந்துச்சுக்கா.”

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. கூழ் ஊற்றவில்லை, விளக்கு மட்டும்.

வீட்டுக்கு வர ஆட்டோ. டிரைவர் ஹேண்டில்பாரில் போனை மாட்டிப் படம் பார்த்துக்கொண்டே 200 அடி ரோட்டில் ஓட்டுகிறார். நிறுத்தச் சொன்னேன். “இருபது வருசமா ஓட்டுறேன்மா.” என் வீட்டுக்காரர் பதினாறு வருசமா ஓட்டினார் என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது இன்றுதான் தெரியும். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலம் பக்கம் இறங்கிவிட்டேன். காசைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனை எடுத்து மேல் பாக்கெட்டில் போட்டார். அடுத்த திருப்பத்தில் திரும்ப மாட்டியிருப்பாரா, தெரியவில்லை. மழை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பேசினார்! “தண்ணி” என்றார். அத்தை பிள்ளையாருக்கு 108 தேங்காய் என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். 15. கணக்கு எதுவும் கழிக்காத 15.

ஆபீஸில் பைக் எடுத்தது அவருக்கு நினைவிருக்கிறது. பெருங்குடி சிக்னலில் தூறல் போட்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஐ.சி.யூ. விளக்குதான். இடையில் இருந்தது திரும்பாமலே போகலாம், தலையில் அடிபட்டவர்களுக்கு அது சகஜம் என்கிறார் டாக்டர். அந்த அழைப்பு அவருக்குள் இல்லை. மஞ்சள் இல்லை, பச்சை இல்லை.

“எப்படி மோதினேன்?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார்.

ஜூலை 23, புதன்

சொல்லவில்லை. ஏட்டிடம் சொன்னவள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாவுக்குத் திதி கொடுக்கத் தம்பி விடியற்காலையிலேயே காஞ்சிபுரம் போனான், பைக்கில். சாயங்காலம் 5 மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிட்டானாம். அத்தை 6.40-க்குப் போனை எடுத்தார், எங்கே வருகிறான் என்று கேட்க. அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். வண்டியில் இருப்பான் அத்தை, வந்து சொல்லட்டும். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “ஏன், ஃபோன் பண்ணா என்ன?” என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து துணியோடு ஹெல்மெட்டை எடுத்தேன். சொன்னேன். பச்சை வரைக்கும் சொன்னேன்.

அவர் இன்னும் ஸ்பாஞ்சில் உள்ள பள்ளத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

7.25. தம்பி வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் கூப்பிடவில்லை.