பொங்கோல் சமையலறையில் ரிஃப்ராக்டோமீட்டர்

6 மார்ச், வெள்ளி

நாளை வீட்டிலேயே 20 லிட்டர் பியர் காய்ச்சப் போகிறேன். வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை அனுமதி. ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதந்து அடர்த்தி காட்டும் கருவி) குழாய்க்கு ஒவ்வொரு முறையும் 100 மில்லிக்கு மேல் கொட்ட மனம் வராது. ஒளி வளைவதை வைத்துச் சீனி அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு 3, 4 சொட்டு போதும்.

பூஜ்யம் பார்த்தது: கண்ணாடிமேல் காய்ச்சிவடித்த நீர், மூடியைச் சாய்வாக இறக்க வேண்டும் (குமிழி சிக்கினால் கோடு மங்கும்), 30 விநாடி பொறுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 0.6இல் நின்றது. ரப்பர் தொப்பிக்கு அடியில் உள்ள ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினாலே அரை பிரிக்ஸ் (100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சீனி என்ற அளவு) ஓடிவிடும், பொறுமை வேண்டும்.

பூஜ்யம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. 5 கிராம் வெள்ளைச் சீனி, 45 கிராம் நீர், தராசு 0.1 கிராம் காட்டுவதாக இருக்கட்டும். 10 பிரிக்ஸ் வர வேண்டும், வந்தது.

7 மார்ச், சனி

காலையில் சோதனையாகப் பார்த்த நீர் மறுபடி தப்பு. கருவி இரவெல்லாம் ஏர்கான் அறையில் இருந்தது. வீவக அடுக்குமாடிச் சமையலறையின் ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி வியர்த்துவிட்டது. அந்த ஈரம் சொட்டோடு கலந்தால் வொர்ட் (நொதிக்கும் முன்னான மால்ட் சாறு) நீர்த்து, அளவு குறைவாக வரும். அரைமணி வெளியே வைத்துத் துடைத்தபின் 0.

'தானியங்கி வெப்பத் திருத்தம்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான். மதியம் அடுப்புப் பக்கம் 32. திருத்தமே இல்லாத கருவியானால் 30 டிகிரியிலேயே சுமார் 0.7 பிரிக்ஸ் விலகும். எங்கே அளக்கிறோமோ அங்கேயே, அந்த வேளையிலேயே பூஜ்யம் வைப்பதுதான் இந்த ஊருக்கு வழி.

கொதிக்கும் வொர்ட்டைக் கரண்டியோடு கொண்டுவரக் கூடாது. ஆவி போய்க்கொண்டே இருக்கும், அளவு ஏறும். டிராப்பரில் எடுத்து, நுனியை மூடி ஆறவிட்டு, சொட்டு விட்டதும் மூடியை இறக்க வேண்டும்.

கொதி முடிந்ததும் ரிஃப்ராக்டோமீட்டர் அளவு 12.4 பிரிக்ஸ். ஆறவைத்த அதே வொர்ட் ஹைட்ரோமீட்டரில் 20 டிகிரியில் ஒப்படர்த்தி (நீரை 1 என்று வைத்த அடர்த்தி) 1.048, அதாவது 11.9 பிளேட்டோ (பிரிக்ஸ் போலவே சீனி விழுக்காடு). 12.4 ÷ 11.9 = 1.042, இது நம் வகுஎண், ரிஃப்ராக்டோமீட்டர் அளவை இதால் வகுத்தால் சரியான அளவு வரும். வொர்ட்டில் இருப்பது வெறும் சீனி அல்ல, மால்ட்டோஸும் புரதமும். அதனால்தான் இந்த வித்தியாசம். ஹைட்ரோமீட்டரை 30 டிகிரியில் பார்த்திருந்தால் 1.0455 காட்டியிருக்கும், வகுஎண்ணும் கெட்டிருக்கும்.

மலிவுக் கருவிகளில் பிரிக்ஸ் பக்கத்தில் உள்ள ஒப்படர்த்தி அளவுகோலை நம்பாதீர்கள். பல கருவிகளில் பிரிக்ஸை 4ஆல் பெருக்கி அச்சடித்துவிடுகிறார்கள்: 25க்கு 1.100 என்று, உண்மையில் 1.106.

21 மார்ச், சனி

இரண்டு வாரம் நொதித்தபின் ரிஃப்ராக்டோமீட்டரில் 6.2. அப்படியே ஒப்படர்த்தியாக மாற்றினால் 1.024, ஈஸ்ட் நின்றுவிட்டதோ என்று தோன்றும். நிற்கவில்லை. சாராயம் ஒளியைச் சீனிநீரைவிட வேறு மாதிரி வளைக்கும். முதல் நாள் 12.4, இன்றைய 6.2 இரண்டையும் 1.042ஆல் வகுத்து (11.9, 5.95), சாராயத்துக்கான திருத்தச் சூத்திரத்தில் போட்டால்:

1 − 0.00085683 × 11.9 + 0.0034941 × 5.95 = 1.0106

வாயு போகக் குலுக்கியபின் ஹைட்ரோமீட்டரும் 1.011 என்றது. பியர் நொதிக்கும் குளிர்பெட்டி 20 டிகிரியில் இருந்ததால், மாதிரிக்கு வெப்பத் திருத்தம் தேவைப்படவில்லை.

இந்தச் சூத்திரம் கிட்டத்தட்டச் சரிதான். பாட்டிலில் அடைக்கும் முன் ஒருமுறையாவது ஹைட்ரோமீட்டர் வேண்டும். அதுவரை, 3 நாள் ஒரே எண் நின்றதா என்று பார்க்கக் கணக்கே வேண்டாம்.

கருவியைக் குழாயடியில் கழுவக் கூடாது, ஈரத்துணி போதும். பிறகு கேமரா டிரை பாக்ஸில். வெளியே வைத்தால் உள்லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.