வேஷத்துக்குள் ஒரு வேஷம்

பில்லி வைல்டரின் 1959ஆம் வருடப் படமான 'சம் லைக் இட் ஹாட்' எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதே இல்லை. 1929இல் சிகாகோவில் நடக்கும் ஒரு கூட்டுக்கொலையைப் பார்த்துவிட்ட இரண்டு இசைக்கலைஞர்கள், ரவுடிக் கும்பலிடமிருந்து தப்பிக்கப் பெண் வேஷம் போட்டு, பெண்கள் இசைக்குழு ஒன்றில் சேர்ந்து ஃப்ளோரிடாவுக்கு ரயில் ஏறுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் அதோடு நிற்கவில்லை: இருவரில் ஒருவரான டோனி கர்டிஸ் ஒரு நேரம் ஜோசபின் என்ற பெண், இன்னொரு நேரம் மர்லின் மன்றோவை மயக்கும் எண்ணெய்க் கோடீஸ்வரன்!

எனக்கு ரொம்பப் பிடித்தவர் இன்னொரு இசைக்கலைஞராக வரும் ஜாக் லெமன்தான். பெண் வேஷத்திலேயே ஒரு நிஜமான கோடீஸ்வரரோடு விடிய விடிய டாங்கோ ஆடிவிட்டு வந்து, கட்டிலில் படுத்தபடி மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை வாத்தியத்தைக் குலுக்கிக்கொண்டே தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாகச் சொல்கிறார் பாருங்கள், அந்த முகத்தில் கலப்படமே இல்லாத சந்தோஷம். வசனங்களுக்கு நடுவே அவர் குலுக்குவதும் சும்மா இல்லை, தியேட்டர் சிரிப்பில் அடுத்த வசனம் முழுகிவிடக் கூடாது என்று வைல்டர் யோசித்து வைத்த இடைவெளி அது. அப்புறம், படம் கறுப்பு வெள்ளையில் இருப்பதற்கும் வேஷம்தான் காரணம். கலரில் சோதித்தபோது அந்த இரண்டு ஆண்களின் முகத்து மேக்கப் பச்சையடித்துத் தெரிந்திருக்கிறது. மன்றோவுக்குக் கலர்தான் ஆசை, ஆனால் கறுப்பு வெள்ளையிலேயே அவர் எப்படி ஜொலிக்கிறார்!