பள்ளம் விழுந்த கேன்

ஜூன் 17, 2025
டியூஷனில் இன்று நீர் அழுத்தம். பேச்சு, டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க ஐந்து பேரோடு கடலில் இறங்கிய டைட்டன் நீர்மூழ்கிக்குப் போய்விட்டது. அது நொறுங்கி நாளையோடு 2 வருடம். கணக்குப் போடச் சொன்னேன். 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். டைட்டனிலிருந்து கடைசித் தகவல் வந்தது 3,300 மீட்டருக்கும் கீழே. அங்கே கட்டைவிரல் நகமளவு இடத்தில் சுமார் 340 கிலோ அழுத்தும். 25 கிலோ அரிசி மூட்டையில் 13, 14 என்றதும் ஒரு பெண் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18
அடுப்படியிலேயே செய்து காட்டினேன். காலி கூல்டிரிங்க்ஸ் கேனில் ரெண்டு ஸ்பூன் தண்ணீர். நன்றாகக் கொதித்து வாய் வழியே ஆவி வந்ததும் இடுக்கியால் பிடித்து ஐஸ் தண்ணீரில் கவிழ்த்தேன். டப்! உள்ளே ஆவி தண்ணீராகிவிட, வெளிக்காற்றே கேனை நசுக்கிவிட்டது. ஒரே ஒரு வளிமண்டலம்தான். அடுத்த கேனின் பக்கவாட்டில் விரலால் ஒரு சின்னப் பள்ளம் போட்டேன். மடிப்பு சரியாக அந்தப் பள்ளத்தின் வழியாகவே ஓடியிருந்தது. எல்லோரும் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள்.

ஜூன் 20
"வலிச்சிருக்குமா சார்?" டைட்டனில் இறந்தவர்களைப் பற்றி ஒரு பையன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். இல்லைப்பா. ஆட்கள் இருந்த கூடு நொறுங்க ஆவது விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு. வலியை மூளை உணரவே பத்தில் ஒரு பங்காவது வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஆனால் கூடு திடீரென்று கெட்டுப்போகவில்லை. உருளையின் நடுப்பகுதி கார்பன் ஃபைபர், அடுக்கடுக்காகச் சுற்றியது. இழுத்தால் அபாரமாகத் தாங்கும். அழுத்தினால் அந்த அளவுக்கு நம்ப முடியாது, அடுக்குகள் பிரியும். 2022 ஜூலையில் 80-வது முறை மூழ்கி மேலே வந்தபோதே பெரிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கூட்டில் இருந்த உணரிகளின் (சென்சார்) அளவுகளும் மாறியிருந்தன. அப்படியும் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

ஜூன் 22
தாம்பரம் போகும் வழியில் பள்ளிக்கரணை, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கியை உருவாக்குபவர்கள் இவர்கள்தான். மூன்று பேர் 6,000 மீட்டர் இறங்குவதற்கு. ஆட்கள் உட்காரும் கூடு டைட்டானியக் கலவை உருண்டை, 80 மி.மீ. கனம். உருண்டையில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பின்சீட்டில் இருந்த பையன் கேட்டான்: "அதுக்குள்ள பள்ளம் இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" உலோகத்துக்குள் ஒலி அலையை அனுப்பி, எங்கே எதிரொலிக்கிறது என்று பார்ப்பார்கள் என்றேன். சரி, செவ்வாய்க்கிழமை அதுதான் பாடம்.