அட்டையை ஸ்கேன் செய்தால் எல்லாம் வருமா?

மாத்திரை அட்டையில் க்யூஆர் கோடு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி பிராண்டுகளுக்கு அது கட்டாயம். எங்களுடையது சின்ன ஊர் ஆஸ்பத்திரி. பார்மசியில் இரவு டூட்டிக்கு நான் மட்டும்தான், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. இனி ஸ்கேன் செய்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தது என்ன? மருந்தின் பெயர், கம்பெனி முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, லைசென்ஸ் எண். போலி மருந்தைக் கண்டுபிடிக்க உதவும், சரி. சட்டம் கேட்டதும் அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அதில் இல்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு ராத்திரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெண்ணுக்கு மெஃபெனமிக் ஆசிட்டும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரை எழுதியிருந்தது. அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த மாமியார், "ஏம்மா, இதைப் போட்டுட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா? பிறந்து இருபது நாள்தான் ஆகுது" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் பெட்டியைப் பிரித்த அன்றே குப்பைக்குப் போயிருக்கும். பிராண்டு பெயரைப் போட்டுத் தேடினால் மாத்திரை விற்கும் கடைகள்தான் வரிசை கட்டின. டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு ஆப்பை இறக்கினேன். மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் கேட்டது. என்னிடம் இருப்பது பார்மசி கவுன்சில் எண், அதை ஏற்கவில்லை. மருந்தை எடுத்துக் கொடுப்பது நான், அதைப் பற்றிப் படிக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லையாம்!

கடைசியில் கைகொடுத்தது, காலேஜில் ஒரு மேடம் போகிறபோக்கில் சொன்ன லாக்ட்மெட். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு எந்த மருந்து எப்படி என்பதற்கென்றே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வைத்திருப்பது. இலவசம், லாகின் கிடையாது. பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அட்டையில் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயர்களைத் தனித்தனியாக அடித்தேன். கூட்டு மாத்திரைக்கு இப்படித்தான் தேட வேண்டும். மருந்துகளின் லேபிள்களை, அதாவது முழு மருந்துக் குறிப்புகளை, அதே நூலகம் தொகுத்து வைத்திருக்கும் டெய்லிமெட்டில் டைசைக்ளோமின் லேபிள் இன்னும் வெளிப்படையாக இருந்தது: தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குக் கூடாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது.

போனோடு காஷுவாலிட்டிக்கு ஓடினேன். டூட்டி டாக்டர் நின்றபடியே படித்தார். "குழந்தையைக் கூட்டிட்டு வரலை, பால் குடுக்கறதா யாரும் சொல்லவும் இல்லை" என்றவர், சீட்டை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். மாமியார் கேட்டிருக்காவிட்டால் நான் பில் போட்டு அனுப்பியிருப்பேன்.

அப்புறம் இரண்டு தளங்களையும் போனின் முகப்பிலேயே வைத்துக்கொண்டேன். பழகப் பழக வேறொரு சிக்கல் தெரிந்தது. நம் பாராசிட்டமால் அமெரிக்கத் தளத்தில் அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், கிளிபென்கிளமைடு கிளைபுரைடு. சரி, பிரிட்டிஷ்காரர்களின் மருந்துத் தகவல் தளமான ஈஎம்சி நமக்கு ஒத்துவரும் என்று அங்கே போனால், டைசைக்ளோமின் டைசைக்ளோவெரின் ஆகிவிடுகிறது! முதல் தடவை 'இல்லை' என்று வந்ததும் மருந்தே இல்லை போல என்று மூடிவிட்டேன். லாக்ட்மெட்டில் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கும். இப்போதெல்லாம் முதலில் என் கண் போவது அங்கேதான்.

இந்தப் பெயர் ஜோடிகளை ஒரு தாளில் எழுதி கவுன்ட்டர் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பகல் டூட்டித் தம்பி நேற்று அதன் அடியில் பச்சை மையில் ஒரு வரி சேர்த்திருந்தான்: அட்ரினலின், எபிநெஃப்ரின்.