பிக்கோவில் முதல் நிரல்: விளக்கில் தொடங்கி வெப்பமானி வரை

ராஸ்பெர்ரி பை பிக்கோ 51 மி.மீ. நீளமும் 21 மி.மீ. அகலமும் உள்ள பச்சை போர்டு. 2021 ஜனவரியில் நான்கு டாலர் விலையில் வந்தது. ராஸ்பெர்ரி பை என்றதும் லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினி நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. இது ஒரு மைக்ரோகன்ட்ரோலர். நாம் ஏற்றிவைக்கும் ஒரே நிரலை, மின்சாரம் இருக்கும்வரை ஓட்டிக்கொண்டிருக்கும். இதே ரகப் போர்டான ஆர்டூயினோ ஊனோவில் ரேம் வெறும் 2 கேபி. இதில் 264 கேபி. அதனால் மைக்ரோபைத்தான், அதாவது இப்படிப்பட்ட சிறிய சிப்புகளுக்கான பைத்தான் நிரல்மொழி, இதற்குள் தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது. பைத்தான் ஓரளவு தெரிந்த எனக்கு அது போதும்.

மைக்ரோபைத்தானை ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. போர்டிலுள்ள பூட்செல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி யூஎஸ்பி கேபிளைச் சொருகினால், கணினியில் அது பென்டிரைவாகத் தெரியும். பதிவிறக்கிய மைக்ரோபைத்தான் கோப்பை (யூஎஃப்2 வகை) அதற்குள் இழுத்துப் போட்டதும் அந்த டிரைவே காணாமல் போகும். பயப்பட வேண்டாம், போர்டு மறுபடி தொடங்குகிறது என்று அர்த்தம். இந்த ஏற்றும் பகுதி சிப்பின் அழிக்க முடியாத ரோம் நினைவகத்தில் இருக்கிறது. எவ்வளவு மோசமான நிரலைப் போட்டாலும் பூட்செல்லை அழுத்தி முதலிலிருந்து தொடங்கிவிடலாம். கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் கணினிக்கு எதுவும் தெரியாது.

நிரல் எழுத தானி என்ற மென்பொருள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகப் படிப்பவர்களுக்காகவே உருவாக்கியது. கீழ்ப்பகுதியில் ஒரு வரியைத் தட்டி என்டர் கொடுத்தால் அது உடனே பிக்கோவில் ஓடும். சிப்பின் 25-ஆம் எண் பின்னை (மின் இணைப்பு முனையை) வெளியீடாக அமைத்து, மதிப்பை 1 என்று கொடுத்ததும் போர்டிலிருந்த பச்சை விளக்கு எரிந்தது. 0 கொடுத்தால் அணைந்தது. வைஃபை உள்ள வகையான பிக்கோ டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு 25 வேலை செய்யாது. அதில் விளக்கு வைஃபை சிப்போடு இணைந்திருப்பதால் எண்ணுக்குப் பதிலாக எல்இடி என்ற பெயரைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வழக்கமான விளக்கு சிமிட்டும் நிரல். அரை விநாடிக்கு ஒருமுறை எரிந்து அணையும். அதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. கோப்புக்கு main.py என்று பெயரிட்டு போர்டிலேயே சேமித்தால், கணினி இல்லாமலும் மின்சாரம் கிடைத்ததும் தானாக ஓடும் என்பதுதான் அதில் உருப்படியான பாடம்.

என்னைக் கேட்டால், விளக்கு சிமிட்டுவதை முதல் நிரல் என்று கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். பிக்கோவின் சிப்புக்குள்ளேயே ஒரு வெப்ப உணரி இருக்கிறது. வயர், சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) எதுவும் தேவையில்லை. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர். அதன் 4-ஆம் சேனலைப் படித்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணை மறுபடி மின்னழுத்தமாக மாற்றி, அதிலிருந்து 0.706-ஐக் கழித்து, 0.001721-ஆல் வகுத்து, கிடைத்ததை 27-இலிருந்து கழித்தால் செல்சியஸ். சூட்டுக்கு மின்னழுத்தம் குறையும், அதனால்தான் கழித்தல்.

ஓடவிட்டதும் 30.79, 31.26, 30.79, 30.32 என்று வந்தது. இரண்டு தசமம் இருப்பதால் ரொம்பத் துல்லியம் போலத் தோன்றும். ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த மூன்று எண்களே திரும்பத் திரும்ப வந்தன, நடுவில் 30.5 என்று ஒன்றுகூட இல்லை. காரணம் ஏடிசி 12 பிட். 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.8 மில்லிவோல்ட், வெப்பத்தில் அது ஏறக்குறைய 0.47 டிகிரி. அரைக் கிலோ படிக்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு இஞ்சி நிறுப்பது மாதிரிதான். நூறு முறை படித்துச் சராசரி எடுத்ததும் எண்கள் அடங்கி, மெதுவாக நகர ஆரம்பித்தன.

சரி, எண் சீராகிவிட்டது, உண்மையா என்பது வேறு கேள்வி. சுவரிலிருந்த வெப்பமானி 29 காட்டியது. போர்டின் 3.3 வோல்ட்டில் ஒரு சதவீதம் பிசகினாலே கணக்கு நான்கு டிகிரி தள்ளிப்போகும். அதோடு உணரி அளப்பது சிப்பின் சூட்டை, அறையின் சூட்டை அல்ல. எனவே ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இதை நம்பலாம். இன்று வெயில் எத்தனை டிகிரி என்று சொல்ல நம்பக் கூடாது.

ஏற்ற இறக்கத்தையாவது பார்ப்போம் என்று, நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கோப்பில் எழுதும்படி நிரலை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து, எழுதி, மூடிவிட வேண்டும். திறந்தபடியே விட்டால் கேபிளைப் பிடுங்கும்போது கடைசியில் எழுதியவை போய்விடலாம். ஒரு நாளைக்கு 1440 வரி, 9 கேபிகூட ஆகாது. கோப்புகளுக்கென்று சுமார் 1.4 எம்பி இருப்பதால் ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும்.

பவர் பேங்கில் இணைத்து பால்கனியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிருந்தது. பிக்கோ இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிடுகிறது. பழைய போன் சார்ஜரில் மாட்டியதும் இரவு முழுக்க ஓடியது. காலையில் கோப்பைத் திறந்தால், நள்ளிரவுக்குப் பிறகுதான் பால்கனியில் சூடு குறைய ஆரம்பித்திருக்கிறது. விடியும் முன்புதான் மிகக் குறைந்த அளவு.

அடுத்து டிஎஸ்18பி20 என்ற தனி உணரி. அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றும் தேவை. பிக்கோவின் ஓரத் துளைகளில் உலோக ஊசி வரிசையைச் சால்டர் செய்தாக வேண்டும். சால்டரிங் அயர்ன் இரவல் கேட்டிருக்கிறேன்.